காக்கா பார்த்த நேரம்

பிள்ளைக் காம்பரா ஜன்னலில் ஐந்து கம்பி.
நான்காவது சற்றே வளைந்திருக்கும்.
அதன் வழியாகத்தான் காக்கா தெரியும்.

"அந்தா பாரு, காக்கா!"
அந்தோணியம்மா கை நீட்டுவாள்.
நான் பார்ப்பேன்.
காக்கா ஒருநாளும் பொய்யில்லை,
சவுக்கு மரத்தில் உண்மையாகவே உட்கார்ந்திருக்கும்.
திரும்பினால்
அம்மாவின் இடுப்பு இருந்த இடத்தில்
கதவு.

மூன்று வயது. முதல் வாரம் அழுதேனாம்.
இரண்டாம் வாரம் காக்காவைப் பார்க்க மறுத்தேனாம்.
மூன்றாம் வாரம்
"தங்கமான புள்ள, இருக்கிற எடமே தெரியாது"
என்று பேர் வாங்கினேன்.

அந்தப் பேர் இன்னும் என்னிடம் இருக்கிறது.
ஹட்டனில், மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால்
பதினோரு வருடமாக அதை உடுத்தி நிற்கிறேன்.
புதிதாக வரும் பெண்களுக்கு முதலாளி சொல்வார்:
யோகராணியப் பாருங்க,
மூஞ்சில ஒன்னும் காட்டாது.

கலியாணமான புதிதில், ரயிலில்,
தலவாக்கலை தாண்டியதும்
நவநேசன் என் தோளைத் தொட்டு
"அந்தா பாரு" என்றான்.
அருவி. பெட்டியே அந்தப் பக்கம் சாய்ந்தது.
நான் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு
அவன் முகத்தையே பார்த்தேன்.
அவன் அதைக் காதல் என்று நினைத்தான்.
நானும் அப்படித்தான் நினைத்தேன், கொஞ்ச காலம்.

அவன் கொழும்புக்குப் போக வேண்டிய நாளுக்கு
முதல்நாள் இரவே பேச்சை நிறுத்திவிடுவேன்.
கதவு சாத்தப்படுமுன்
நானே கதவாகிவிடுவது.
"என்ன கோவம்?"
ஒன்னும் இல்ல.
"என்ன வேணும், சொல்லேன்."
ஒன்னும் இல்ல.
காய்ச்சல் வந்தால் நானே மாத்திரை எடுத்து விழுங்கி
வெற்றுப் பட்டையைக் குப்பையின் அடியில் ஒளித்தேன்.
அதைக் கண்டெடுத்த அன்று அவன் அழுதான்.
நான் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்,
கணக்காகச் சீனி போட்டு.

அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன்,
ஏன் சொல்லிவிட்டுப் போகவில்லை என்று.
முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
"சொன்னா நீ விடமாட்ட.
நீ விடாட்டி பெரட்டுக்குப் பிந்தும்.
பிந்தினா அரைப்பேருதான்."

மற்ற முழங்காலுக்கு மாறியபின் சொன்னாள்:
"வேலிப் பக்கம் நின்னு கேட்டுட்டுத்தான் போவேன்.
நீ சத்தம் நிப்பாட்டுற மட்டும்."

அது எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை.
மூன்றாம் வாரத்திலிருந்து
சத்தமே வராத அந்த வேலியோரம்
எதைக் கேட்டுவிட்டுப் போனாள் என்றும்.

இந்த ஜனவரி யதுராவை முன்பள்ளியில் சேர்த்தோம்.
டிக்கோயா ரோட்டில், தகர வேலி போட்ட வீடு.
டீச்சர் காதோடு சொன்னாள்:
"மீன்தொட்டியக் காட்டுறேன்,
நீங்க அப்பிடியே நழுவிருங்க அக்கா."

ஆரஞ்சு நிற மீன்.
யதுரா பார்த்தாள்.
என் கால்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.
ஒன்று ஏற்கெனவே வாசற்படியில் இருந்தது.

திரும்பி வந்தேன். குனிந்தேன்.
"அம்மா போறேன்.
பன்னண்டரைக்கு வருவேன்.
அழணும்னா அழு."

அழுதாள்.
அப்படி ஒரு அழுகையை
எங்கள் வம்சத்தில் யாரும் அழுததில்லை.
என் சால்வையைப் பல்லால் கடித்தாள்.
டீச்சருக்கு என்மேல் கோபம்.
மற்றப் பிள்ளைகளும் தொடங்கிவிட்டார்கள்.
சந்தியில் பஸ் ஹாரனையும் தாண்டி
எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

செய்தது சரியோ தெரியாது.
கடையில் அன்று ஒரு பெரியவரின் சீனி வருத்த மாத்திரைகளை
மூன்று தரம் எண்ணினேன்,
மூன்று தரமும் வேறு வேறு எண்.
முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் மற்றப் பக்கம் திரும்பினார்.

பன்னிரண்டு பத்துக்கே போய்விட்டேன்.
தகர வேலியோரம் நின்றேன்.
உள்ளே சத்தம் இல்லை.
எனக்குக் கை நடுங்கியது.

பிறகு ஒரு நாற்காலி விழுந்தது.
"டீச்சர்ர்ர், யதுரா தள்ளுறா!"